பூச்சி தின்னும் செடிகளின் தொட்டியில் களை மண்டுவது ஏன்? சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி?

ஆன்லைனில் ஆர்டர் செய்த வீனஸ் ஃப்ளைட்ராப் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. முதல் வாரம் இன்ஸ்டாகிராமில் ஸ்டோரி போட்டீர்கள். இப்போது பால்கனிக்குப் போய்ப் பார்த்தால் தொட்டி பச்சைப்பசேல் என்றுதான் இருக்கிறது. ஆனால் அது ஃப்ளைட்ராப்பின் பச்சை இல்லை. ஓரமெல்லாம் புளியாரை, நடுவில் ஈட்டி மாதிரி நிற்கும் கோரை, மேலே வழவழப்பான பாசி. எல்லாவற்றுக்கும் அடியில் கறுத்துச் சுருங்கிய இரண்டு பொறிகள்.

இந்த இடத்தில் பலர் செய்வது இரண்டில் ஒன்று. களையை வெடுக்கென்று பிடுங்குவார்கள். கூடவே ஃப்ளைட்ராப்பும் கையோடு வந்துவிடும். இல்லையென்றால், ‘செடிக்குச் சத்து பத்தல போல’ என்று ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடுவார்கள். களை இன்னும் செழிக்கும், ஃப்ளைட்ராப் இன்னும் சீக்கிரம் சாகும்.

பூச்சி உண்ணும் செடிகளுக்கான சதுப்புத் தொட்டியைப் பொறுத்தவரை களை ஒரு அறிகுறி. உள்ளே வரக்கூடாத ஏதோ ஒன்று, பெரும்பாலும் தண்ணீர் வழியாக, வந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அறிகுறி. அதை அடைக்காமல் களையை மட்டும் பிடுங்கிக்கொண்டிருந்தால் வாரக் கடைசி எல்லாம் அதற்கே போய்விடும்.

சத்தில்லாத மண்ணில் மட்டும் ஜெயிக்கும் செடிகள்

பள்ளிப் பாடத்தில் நெப்பந்தஸ், ட்ரோசெரா, யூட்ரிகுலேரியா என்று மூன்று பெயர்களைப் படித்திருப்பீர்கள். குடுவை, பசைத்துளி, நீருக்கடியில் உறிஞ்சும் பை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறி. அவை ஏன் பூச்சி பிடிக்கின்றன என்பதற்கு ‘மண்ணில் நைட்ரஜன் குறைவு’ என்று ஒரு வரியில் விடை எழுதி இரண்டு மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். அந்த ஒரு வரிக்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

பொறி என்பது செலவு. குடுவையாகச் சுருண்ட இலையால் தட்டையான இலை அளவுக்கு வெயிலைப் பயன்படுத்த முடியாது. பசையும் செரிமான நொதியும் தயாரிக்கச் சக்தி வேண்டும். தாமஸ் கிவ்னிஷும் சக ஆய்வாளர்களும் 1984-இல் இதை ஒரு வரவு-செலவுக் கணக்காகவே எழுதினார்கள். வெயிலும் தண்ணீரும் தாராளமாக இருந்து, சத்து மட்டும் பற்றாக்குறையாக இருக்கும் இடத்தில்தான் பூச்சி பிடிப்பது லாபம். மண்ணில் சத்து ஏறினால் கணக்கு தலைகீழாகிவிடும். பொறிக்குச் செலவு செய்யாத சாதாரணப் புல் மடமடவென்று வளர்ந்து வெயிலை மறைத்துவிடும்.

வட அமெரிக்கக் குடுவைச் செடியான சரசீனியா பர்ப்யூரியாவே இந்தக் கணக்கைப் போடுகிறது. அதற்கு நைட்ரஜன் கொடுத்துப் பார்த்த ஆரோன் எலிசனும் நிக்கோலஸ் காட்டெல்லியும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், சத்து கூடக்கூடச் செடி குடுவையைச் சுருக்கிக்கொண்டு தட்டை இலைகளை விடுவதைக் காட்டினார்கள். ‘சாப்பாடு வேர் வழியாகவே வருதே, எதுக்கு வேட்டை?’ என்று செடியே கேட்பது போல. உங்கள் சரசீனியா வளரும் பருவத்தில், நல்ல வெயிலிலும் தட்டை இலையாகவே விடுகிறது என்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். வெயில் குறைந்தாலும் இப்படி ஆகும் என்பதால் முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

இயற்கையில் இவற்றுக்கு யார் களை எடுக்கிறார்கள்? ஃப்ளைட்ராப்பின் சொந்த ஊரில் அந்த வேலையை நெருப்பு செய்கிறது. உலகம் முழுக்க ஜாடியில் வளரும் இந்தச் செடி, காட்டில் இயல்பாக வளர்வது அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களில் மட்டும்தான், அதிலும் வில்மிங்டன் நகரைச் சுற்றிய கடலோரப் பகுதியில். நீள ஊசி இலைப் பைன் மரங்களுக்கு நடுவே உள்ள ஈரமான மணல் நிலம் அது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தரையோடு தீ ஓடும். புதர்களும் புற்களும் எரியும். ஃப்ளைட்ராப்பின் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். தீ தணிந்ததும் வெயில் தரையில் விழும், கிழங்கு துளிர்க்கும். தீயை முழுக்க அணைத்துவைத்த இடங்களில் புதர் மண்டி ஃப்ளைட்ராப் மறைந்துபோனது. அதனால்தான் அங்குள்ள கிரீன் ஸ்வாம்ப் பாதுகாப்புப் பகுதியில் திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள்.

உங்கள் பால்கனியில் தீ வைக்க முடியாது. அந்த வேலையைக் கத்தரிக்கோலும் முள்வாங்கியும்தான் செய்ய வேண்டும்.

முதல் களைக்கொல்லி: டிடிஎஸ் மீட்டர்

இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த திடப்பொருள், அதாவது டிடிஎஸ், ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் ஆதாரமே இல்லை என்றால் 2000 வரை அனுமதிக்கிறது. இது மனிதர்களுக்கான எண். பூச்சி உண்ணும் செடி வளர்ப்பவர்கள் பின்பற்றும் எல்லை 50. உங்களுக்கு நல்ல குடிநீர் என்று அரசு சொல்லும் தண்ணீர், உங்கள் ஃப்ளைட்ராப்புக்குப் பத்து மடங்கு உப்பாக இருக்கலாம்.

ஒரு நாள் ஊற்றினால் ஒன்றும் ஆகாது. சிக்கல் சேர்மானத்தில்தான். மற்ற தொட்டிகளில் தண்ணீர் மேலே ஊற்றி அடியில் வடியும். கொஞ்சம் உப்பு அதோடு போய்விடும். சதுப்புத் தொட்டியில் தண்ணீர் தேங்கி நிற்கும், ஆவியாகி மேலே போகும், உப்பு உள்ளேயே தங்கும். கோடையில் ஒரு நடுத்தரத் தொட்டி நாளுக்கு ஒரு லிட்டர் இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 300 டிடிஎஸ் தண்ணீரால் ஈடுகட்டினால் 30 நாளில் 9 கிராம் உப்பு சேரும். ஒரு டீஸ்பூனுக்கு மேல். இரண்டு டீஸ்பூன் என்றாலும் பெரிய பிழையில்லை. 20 டிடிஎஸ் மழைநீர் என்றால் அதே மாதத்தில் 0.6 கிராம், ஒரு சிட்டிகை.

உப்பு என்றால் சமையல் உப்பு மட்டும் இல்லை. கால்சியம், மெக்னீசியம், பை-கார்பனேட், ஆழ்துளைக் கிணற்று நீரில் சில இடங்களில் நைட்ரேட்டும் இருக்கும். பை-கார்பனேட், மண்ணின் புளிப்புத் தன்மையை மெல்ல மெல்ல மாற்றிவிடும். புளிப்பான, சத்தில்லாத மண்ணில் தலைதூக்க முடியாமல் கிடந்த சாதாரணக் களைகளுக்கு அன்று முதல் பண்டிகை.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். ‘எங்க வீட்டுல ஆர்ஓ இருக்கே’ என்று நினைத்தால் கூடுதலாகவே வாங்குங்கள். என் முதல் தொட்டி போனது அந்த நம்பிக்கையில்தான். பல வீட்டு ஆர்ஓ இயந்திரங்களில் சுவைக்காக வடிகட்டாத தண்ணீரையோ கனிமத்தையோ திரும்பக் கலக்கும் ஏற்பாடு இருக்கும். என் வீட்டுக் குழாய் காட்டிய எண் 112. டெக்னீஷியனிடம் சொன்னால் டிடிஎஸ் கன்ட்ரோலரைக் குறைத்துத் தருவார். ஆனால் நீங்களும் அதையேதான் குடிக்கப் போகிறீர்கள் என்பதால், செடிக்குத் தனியாக வேறு தண்ணீர் பார்ப்பது நல்லது.

மழைநீரை மிஞ்ச எதுவும் இல்லை. முதல் பத்து, பதினைந்து நிமிட மழையை விட்டுவிடுங்கள். அது மாடியின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவும் மழை. பிறகு பிடியுங்கள், மூடி வையுங்கள். மழை இல்லாத மாதங்களில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் பல வளர்ப்பாளர்களுக்குக் கை கொடுக்கிறது. காற்றின் ஈரம்தான் குளிர்ந்து சொட்டுகிறது என்பதால் டிடிஎஸ் பொதுவாகக் குறைவு. ஏசியை சர்வீஸ் செய்த முதல் சில நாட்களின் தண்ணீரை மட்டும் கொட்டிவிடுங்கள், காயிலைக் கழுவிய ரசாயனம் அதில் இருக்கும். பேட்டரிக்கு ஊற்றும் கனிமம் நீக்கிய தண்ணீரும் ஆகும். அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் விற்பார்கள் என்பதால் லேபிளைப் படித்து வாங்குங்கள்.

ஏற்கெனவே உப்பு சேர்ந்த தொட்டியா? தூக்கி எறிய வேண்டாம். மழை வலுக்கும்போது வெட்டவெளியில் வைத்து, மேலிருந்து நன்றாக ஊறி வழிந்து ஓட விடுங்கள். வழியும் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து மீட்டரை வையுங்கள். எண் இறங்குவதைப் பார்ப்பதில் ஒரு தனித் திருப்தி இருக்கிறது.

தொட்டியும் மண்ணும் களையைக் கொண்டுவருகின்றன

நர்சரியில் ‘ரெடி மிக்ஸ்’ என்று விற்கும் மண் கலவையில் தொழு உரமோ மண்புழு உரமோ நிச்சயம் இருக்கும். தக்காளிக்கு அமிர்தம், ட்ரோசெராவுக்கு விஷம். உலகெங்கும் வழக்கம், ஸ்பேக்னம் பீட் ஒரு பங்கு, பெர்லைட் அல்லது கழுவிய சிலிகா மணல் ஒரு பங்கு. எம்-சாண்ட் வேண்டாம், கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம்.

பீட் என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சதுப்பில் சேர்ந்த பாசி மக்கு. உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் நிலங்கள், எல்லாக் காடுகளும் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பனைப் பூட்டி வைத்திருக்கின்றன. சதுப்புச் செடியை வளர்க்க இன்னொரு ஊரின் சதுப்பைத் தோண்டுவது உறுத்துகிறது என்றால், நம் பக்கத்திலேயே மாற்று உண்டு: பொள்ளாச்சிப் பக்கம் மலைமலையாகத் தயாராகும் தென்னை நார்க்கழிவு, அதாவது கோகோபீட். ஆனால் அதில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. ‘லோ இசி’ என்று விற்பதை வாங்கி, மழைநீரில் ஊறவைத்துப் பிழிவதை நான்கைந்து முறை செய்து, பிழிந்த தண்ணீர் மீட்டரில் 50-க்குக் கீழ் வந்த பிறகே பயன்படுத்துங்கள். அப்படியும் பீட்டில் வளர்வது போல எல்லாச் செடியும் இதில் வளராது. ட்ரோசெராக்களில் சில ஒத்துக்கொள்ளும். ஃப்ளைட்ராப் முகம் சுளிக்கும்.

காட்டிலிருந்து அள்ளி வந்த பாசி என்றால் விதைகளோடுதான் வரும். புது மண் கலவை எதுவானாலும், செடி வைப்பதற்கு முன் குறைந்த டிடிஎஸ் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றி ஆறவிடுங்கள். விதை, பூச்சி முட்டை, பாசியின் வித்து எல்லாவற்றிலும் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். அடுத்த ஆறு மாதக் களை வேலையில் பாதியை இந்த ஒரு கெட்டில் மிச்சப்படுத்தும்.

தொட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். சிமென்ட் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கரைந்து இறங்கும். 30 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழமுள்ள டப் எடுத்துக்கொண்டு, அடியில் ஓட்டை போடாமல், பக்கவாட்டில் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே ஓட்டை போடுங்கள். அடைமழையில் அதற்கு மேல் தண்ணீர் ஏறாது. ஓரத்தில் ஒரு பிவிசி குழாயைச் செங்குத்தாகப் புதைத்துவிட்டால், உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று குச்சி விட்டுப் பார்க்கலாம், தண்ணீரையும் அதன் வழியே ஊற்றலாம். மேல்மண் எந்நேரமும் சொதசொதவென்று இல்லாமல் இருந்தால் பாசியும் களையும் பாதியாகக் குறையும்.

எதை எப்படிப் பிடுங்குவது?

பிடுங்கும் முறைதான் செடியைக் காப்பாற்றும். ஃப்ளைட்ராப், ட்ரோசெரா இரண்டுக்குமே வேர்ப்பிடிப்பு குறைவு. மண் ஈரமாக இருக்கும்போது, இடது கை இரண்டு விரல்களால் களையைச் சுற்றியுள்ள மண்ணை அழுத்திக்கொண்டு, வலது கையில் முள்வாங்கியால் அடித்தண்டைப் பிடித்து நேராக மேலே, மெதுவாக இழுங்கள். இழுக்கும்போது பக்கத்துச் செடி அசைந்தால் நிறுத்திவிடுங்கள். அங்கே கத்தரிக்கோல். தரையோடு தரையாக வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க மறுபடி வெட்டினால் வேர் சேமிப்பு தீர்ந்து பெரும்பாலான களைகள் ஓய்ந்துவிடும்.

புளியாரை இதற்குப் படியும், ஆனால் நேரம் முக்கியம். அதன் காய் முற்றினால் தொட்ட மாத்திரத்தில் வெடித்து விதையைச் சுற்றிலும் சிதறடிக்கும். வெண்டைக்காய்க் குட்டி மாதிரி நிமிர்ந்த காய் தெரிந்தால், முதலில் ஈரத் துணியாலோ டிஷ்யூ பேப்பராலோ அதை மூடிப் பிடித்து வெட்டி எடுங்கள், பிறகு செடி. தரையோடு ஓடும் தண்டு ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டிருக்கும்; துண்டு விட்டால் அதுவும் முளைக்கும்.

கீழாநெல்லி, குப்பைமேனி, அம்மான் பச்சரிசி போன்றவை வந்தால் கவலை வேண்டாம். நேரான வேர், சின்ன வயதில் இழுத்தால் வந்துவிடும். அவை தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அவை சத்தான மண்ணின் விருந்தாளிகள். மீட்டரை எடுங்கள்.

கோரைதான் வில்லன். மேலே இழுத்தால் புல் மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளே சிரித்துக்கொண்டிருக்கும். ஒரு கிழங்கிலிருந்து சங்கிலி போல இன்னும் பல. ஈரம் அதற்குப் பிடித்தமானது என்பதால் நம் தொட்டி சொர்க்கம். ஒன்றிரண்டு முளைதான் என்றால், ஒரு ஐஸ்கிரீம் குச்சியால் பக்கத்தில் குத்தி நெம்பி, கிழங்கோடு எடுங்கள். பரவிவிட்டது என்றால் வேறு வழியில்லை. செடிகள் ஓய்வில் இருக்கும் மாதத்தில் மொத்தத்தையும் கொட்டி, வேர்களை மழைநீரில் அலசி, சிக்கியிருக்கும் கறுப்புக் கிழங்குகளைத் தேடி எடுத்து, புது மண்ணில் நடுங்கள். பழைய மண்ணைச் சல்லடையில் சலித்துத் திரும்பப் பயன்படுத்தலாம் என்ற ஆசை வேண்டாம். நானும் ஆசைப்பட்டேன், கோரை ஜெயித்தது.

களைக்கொல்லியை நினைக்கவே நினைக்காதீர்கள். பெருங்களைக்கொல்லியான கிளைபோசேட்டை 2022 அக்டோபரில் மத்திய அரசு பூச்சிக் கட்டுப்பாட்டு ஆபரேட்டர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. அதைத் தாண்டி, ஒரு சாண் இடைவெளியில் கோரைக்கும் ட்ரோசெராவுக்கும் வித்தியாசம் தெரிந்த மருந்து கிடையாது. யூட்யூபில் வரும் வினிகர், உப்பு வைத்தியங்களும் அதே கதைதான்.

பாசியில் இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். மெத்தை போன்ற ஸ்பேக்னம் பாசி நண்பன். மண்ணை மூடி, புளிப்பாக வைத்து, களை விதை வெளிச்சம் காணாமல் பார்த்துக்கொள்ளும். குட்டி ட்ரோசெராவை மூடும் அளவுக்கு உயர்ந்தால் மட்டும் கத்தரிக்கோலால் நுனி கிள்ளிவிடுங்கள். பச்சைத் தோல் போல மண்ணோடு ஒட்டிப் படரும் லிவர்வர்ட், வழவழப்பான பச்சைப் படலம் இரண்டும் வேறு சேதி சொல்கின்றன: மேல்மண் அதிகமாக ஈரம், தண்ணீரில் சத்து. சீவி எடுத்துவிட்டு நீர்மட்டத்தைக் குறையுங்கள். அந்த இடத்தை வெறுமையாக விடாமல் கொஞ்சம் ஸ்பேக்னம் பாசியை அழுத்தி வையுங்கள். காலி மண் எந்தத் தோட்டத்திலும் காலியாக இருந்ததில்லை.

பூச்சி தின்னும் களை

இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே புலம்பும் விஷயம், சில பூச்சி உண்ணும் செடிகளே களையாகிவிடுவது. தென்னாப்பிரிக்காவின் ட்ரோசெரா கேப்பென்சிஸ் அதில் முதலிடம். தூசி போன்ற விதையைப் பக்கத்துத் தொட்டி, அதற்கும் பக்கத்துத் தொட்டி என்று தூவிவிடும். யூட்ரிகுலேரியா சபுலேட்டா இன்னும் தந்திரக்காரி. பூவே விரியாமல் உள்ளுக்குள்ளேயே விதை வைக்கும் பழக்கம் அதற்கு உண்டு. கண்ணில் பட்டபோது தொட்டி முழுக்கப் பரவியிருக்கும். அதனால் மற்ற செடிக்குப் பெரிய கெடுதல் இல்லை, தொட்டி அலங்கோலமாகத் தெரியும், அவ்வளவுதான். பிடிக்கவில்லை என்றால் பூந்தண்டு நீளும்போதே வெட்டிவிடுங்கள்.

ஃப்ளைட்ராப்பின் பூந்தண்டுக்கும் இதே வைத்தியம், ஆனால் காரணம் வேறு. பலவீனமான செடி பூ விட்டுச் சக்தியைத் தீர்த்துக்கொள்ளும். விதை வேண்டாம் என்றால் தண்டு இரண்டு அங்குலம் இருக்கும்போதே எடுத்துவிடலாம்.

காய்ந்ததை எப்போது வெட்டுவது?

கறுத்த பொறி நோய் இல்லை. ஃப்ளைட்ராப்பின் ஒவ்வொரு பொறியும் ஒரு சில வேட்டைக்குத்தான். பிறகு கறுத்து விழும், புதியது வரும். விரலால் சீண்டி மூடவைப்பதும் அந்தக் கணக்கில் சேரும் என்பதை வீட்டுக்கு வரும் குழந்தைகளிடமும், அலுவலக நண்பர்களிடமும் சொல்லிவையுங்கள். முழுக்கக் கறுத்ததை அடியில் வெட்டுங்கள். பொறி கறுத்து, காம்பு பச்சையாக இருந்தால் பொறியை மட்டும். பச்சைக் காம்பு இன்னும் வெயிலில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

சரசீனியாவுக்கும் அதே விதி. மேல்பாதி காய்ந்த குடுவையின் மேல்பாதியை மட்டும் வெட்டுங்கள். வெட்டும்போது முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீசன் முழுக்கச் சேர்ந்த ஈ, எறும்பு, குளவி எல்லாம் உள்ளே கூழாக இருக்கும். அதைத் தொட்டி மண்ணிலேயே கொட்டுவது, நீங்கள் போடாமல் தவிர்த்த உரத்தைப் பின்வாசல் வழியாகப் போடுவது. தனியாக எடுத்துவிடுங்கள். சிக்கன் துண்டு, சீஸ் ஊட்டுவதும் இதே ரகம். செரிக்காமல் அழுகிப் பூஞ்சை பிடிக்கும்.

காய்ந்த இலைக் குவியலை அகற்றுவது அழகுக்காக மட்டும் இல்லை. மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் ஒளிவது அதன் அடியில்தான்.

கொசுவைப் பூச்சி தின்னும் செடி பார்த்துக்கொள்ளாதா?

பார்த்துக்கொள்ளாது. தட்டில் தேங்கும் தண்ணீர், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தகுந்த இடம். வெப்பமான ஊரில் முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். நகராட்சி ஆய்வாளர் வந்து நோட்டீஸ் கொடுத்தால், ‘இது பூச்சி பிடிக்கும் செடி சார்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

தட்டு வைத்துத்தான் வளர்க்கிறீர்கள் என்றால், வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டி, தட்டின் ஓரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், வெறுமனே கொட்டினால் போகாது. மேலே சொன்ன பக்கவாட்டு ஓட்டை டப்பில் தண்ணீர் மண்ணுக்கு அடியிலேயே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. குழாயின் வாயிலும் மழைநீர் டிரம்மிலும் மட்டும் கொசுவலைத் துணி கட்டுங்கள். மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் எல்லாம் வேண்டாம். பிடிஐ எனப்படும் பாக்டீரியா மருந்து கொசுப்புழுவைக் கொல்லும், செடியை ஒன்றும் செய்யாது.

எந்த ஊருக்கு எந்தச் செடி?

களை எடுத்த இடத்தில் எதையாவது நட வேண்டும். அங்கேதான் பலர் மறுபடி ஃப்ளைட்ராப் வாங்குகிறார்கள். அதற்கும் சரசீனியாவுக்கும் ஆண்டுக்கு மூன்று, நான்கு மாதம் குளிர்கால ஓய்வு வேண்டும், சுமார் 10 டிகிரிக்குக் கீழே. ஊட்டி, ஷில்லாங்கில் இது தானாக நடக்கும். டெல்லியில் குளிர்காலம் ஓரளவு கை கொடுக்கும், கோடை கஷ்டம். சென்னை, மும்பையில் நடக்கவே நடக்காது. ஃப்ரிட்ஜில் வைத்துத் தூங்கவைக்கும் பொறுமைசாலிகள் இருக்கிறார்கள். ஓய்வு கிடைக்காத செடி ஆண்டுக்கு ஆண்டு மெலியும், மெலிந்த செடியைச் சுற்றி களை ஏறும்.

சமவெளி ஊர்களுக்கு நம் நாட்டு ட்ரோசெராக்களே பொருத்தம். ட்ரோசெரா பர்மானியும் ட்ரோசெரா இண்டிகாவும் இந்தியாவில் இயல்பாகவே வளர்பவை, வெப்பம் தாங்குபவை. குறுகிய ஆயுள்தான், ஆனால் விதை போட்டுத் தானே திரும்ப வரும். நெப்பந்தஸ் வகையைச் சதுப்புத் தொட்டியில் வைக்காதீர்கள், தேங்கிய தண்ணீரில் அதன் வேர் அழுகும். அதற்குத் தனியாகத் தொங்கும் தொட்டிதான்.

வாங்கும்போது பெயரைக் கேளுங்கள். நர்சரிகளில் அதிகம் கிடைப்பது வென்ட்ராட்டா போன்ற கலப்பின நெப்பந்தஸ், பிரச்னை இல்லை. இந்தியாவில் இயல்பாக வளரும் ஒரே நெப்பந்தஸ், மேகாலயாவின் காசி, காரோ, ஜைந்தியா மலைகளில் இருக்கும் நெப்பந்தஸ் காசியானா. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலும், சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பின்னிணைப்பிலும் உள்ள செடி அது. உரிமம் இல்லாத ஒருவர் காட்டிலிருந்து எடுத்ததை இன்ஸ்டாகிராமில் விற்றால் வாங்குபவரும் சிக்கலாம். வட கரோலினாவில் காட்டு ஃப்ளைட்ராப்பைத் திருடுவது 2014 டிசம்பர் முதல் கடுங்குற்றம். நம் ஊரில் விற்கும் ஃப்ளைட்ராப்கள் பெரும்பாலும் திசு வளர்ப்பில் வந்தவை என்றாலும், கேட்டு வாங்குவதில் தவறில்லை.

கடைசியாக, பிடுங்கியதை என்ன செய்வது? புளியாரையையும் கோரைக் கிழங்கையும் மற்ற தொட்டியின் உரக் குழியில் போடாமல், மொட்டை மாடி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துக் குப்பையில் சேருங்கள். அதிகமாகிப்போன ட்ரோசெராவையும் யூட்ரிகுலேரியாவையும் ‘பாவம்’ என்று ஊர் ஏரிக்கரையிலோ, கொடைக்கானல் டிரிப்பில் பார்த்த சதுப்பிலோ விட்டுவிடாதீர்கள். 1906-இல் அயர்லாந்தின் ஒரு சதுப்பில் நடப்பட்ட சரசீனியா பர்ப்யூரியா அங்கே பரவி, இன்று உள்ளூர்ப் பாசியையும் செடிகளையும் மூடி வளர்கிறது. அதைப் பிடுங்க அங்கே ஆட்கள் தேவைப்படுகிறார்கள். மிஞ்சியதைச் செடி வளர்க்கும் நண்பருக்குக் கொடுங்கள், கூடவே டிடிஎஸ் மீட்டரையும் ஒரு வாரத்துக்கு இரவல் கொடுங்கள்.